கோமாரி எந்தச் சந்தையில் ஏறியது? வைரஸின் மரபணு வரிசையை வைத்துப் பரவலைக் கணக்கிட ஒரு முழுமையான வழிகாட்டி

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் எங்கள் அப்புச்சி ஒரு சந்தையில் கிடாரி ஒன்று பிடித்துவந்தார். வந்த ஐந்தாம் நாள் அது எச்சில் ஒழுக்கிக்கொண்டு, சோளத்தட்டை மோந்து பார்த்துவிட்டு விலகிக்கொண்டது. மறுநாள் முன்னங்காலை உதறியது. அடுத்த வாரம் கட்டுத்தரையில் இருந்த ஏழு உருப்படிக்கும் கோமாரி. அம்மிச்சி வெந்தயம், சீரகம், மிளகை ஊறவைத்து, பூண்டு, மஞ்சள், தேங்காய், வெல்லத்தோடு ஆட்டி நாக்கில் தடவிக்கொண்டிருக்க, திண்ணையில் விசாரணை நடந்தது. சந்தையில் ஏறியதா? பால் கறக்க வந்தவர் காலில் ஒட்டிவந்ததா? பக்கத்துத் தோட்டத்துப் பொலிகாளையா? கடைசிவரை தீர்ப்பு வரவில்லை. இரண்டு தோட்டத்துக்காரர்கள் ஒரு வருஷம் பேசிக்கொள்ளாமல் இருந்ததுதான் மிச்சம்.

பிறகு நான் வைரஸ் மரபணு வேலைக்குப் போனேன் என்று தெரிந்ததும் அப்புச்சி கேட்டார்: "ஏஞ்சாமி, அந்தக் கிருமிகிட்டக் கேட்டா எந்தச் சந்தையில ஏறுச்சுன்னு சொல்லுமாக்கு?"

பாதி சொல்லும். மீதிப் பாதியை எங்கே தேடுவது என்பதையும் சேர்த்துத்தான் கீழே எழுதியிருக்கிறேன். கால்நடை மருத்துவம் படிப்பவர்களையும், உயிரித் தகவலியலில் கைவைக்கத் தொடங்கியிருப்பவர்களையும் மனதில் வைத்திருக்கிறேன். கொரோனாவுக்கும் டெங்குவுக்கும் இதே வழிதான், எண்கள் மட்டும் மாறும். உதாரணத்துக்குக் கோமாரியை எடுத்தது நம் பக்கத்து நோய் என்பதால் மட்டுமில்லை. கட்டுத்தரைக்குக் கட்டுத்தரை தொற்றுப் பாதையைப் பிரித்துப் பார்க்கிற அளவுக்கு வேகமாக மாறும் வைரஸ் அது.

மொய் நோட்டுக் கணக்கு

கல்யாண வீட்டு மொய் நோட்டை நாலு பங்காளிகள் பெயர்த்தெழுதிக்கொள்கிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் 501-ஐ 510 என்று எழுதிவிடுகிறார். அவர் நோட்டைப் பார்த்து எழுதியவர்கள் எல்லாரிடமும் 510 தான் இருக்கும். அதில் இன்னொருவர் புதிதாக ஒரு பிழை சேர்ப்பார். எல்லா நோட்டையும் ஒரு மேசையில் பரப்பினால், எது எதைப் பார்த்து எழுதியது என்று பிழைகளே காட்டிக்கொடுக்கும்.

கோமாரி வைரஸ் ஏறக்குறைய 8,300 எழுத்துள்ள ஓர் ஆர்என்ஏ இழை (எழுத்து என்பது மரபணுச் செய்தியைச் சுமக்கும் ஒவ்வொரு வேதி அலகு). தன்னை நகலெடுக்கும்போது பிழை திருத்திக்கொள்ளத் தெரியாதது. 1898-லேயே லோஃப்லரும் ஃப்ராஷும் இதை வடிகட்டியில் தங்காத கிருமி என்று காட்டினார்கள். விலங்குகளில் கண்டறியப்பட்ட முதல் வைரஸ் இதுதான். முழு மரபணுவையும் எடுத்துக்கொண்டால் வாரத்துக்கு ஒன்றுக்குச் சற்றே அதிகமாக எழுத்து மாறுகிறது.

இந்த வேகத்தை மற்றவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் எந்த நோயிலும் இறங்க வேண்டும். கொரோனா வைரஸுக்கு 29,903 எழுத்து, மாதத்துக்கு ஏறக்குறைய 2 மாற்றம். ஒரே தெருவில் பத்துப் பேருக்கு வந்தால் பலருக்கு ஒரே வரிசைதான் இருக்கும், யாரிடமிருந்து யாருக்கு என்று பிரிக்க முடியாது. டெங்குவுக்குச் சுமார் 10,700 எழுத்து, வருஷத்துக்கு ஏறக்குறைய எட்டு மாற்றம். 2019-ல் இந்தியாவுக்குள் வந்த மாட்டுத் தோல் கழலை நோயின் வைரஸ் டிஎன்ஏ வகை. ஒன்றரை லட்சம் எழுத்து இருந்தும் மிக மெதுவாக மாறுகிறது. அதை வைத்துக் கட்டுத்தரை கணக்குப் போட உட்காருவது வீண்.

முதல் படி: கேள்வியை முடிவு செய்வது

எங்கிருந்து வந்தது, எப்போது தொடங்கியது, எவ்வளவு வேகமாகப் பரவுகிறது, யாரிடமிருந்து யாருக்கு. இந்த நாலும் வெவ்வேறு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் வேறு மாதிரித் தொகுப்பு வேண்டும். எந்த நாட்டு வழி வந்த வகை என்று அறிய, மேலுறைப் புரதத்தின் வி.பி.1 பகுதி போதும். கோமாரி வைரஸின் வகைகளில் ஒன்றான 'ஓ' வகையில் அது 639 எழுத்து. ஆண்டுக்கு ஏறக்குறைய 1 விழுக்காடு மாறும், அதாவது ஆறேழு எழுத்து. அந்தியூர் ஆடித் தேர்ச் சந்தை முடிந்து மூன்று வாரத்தில் எங்கெங்கே பரவியது என்று கேட்டால் அந்தப் பகுதி வாயைத் திறக்காது. முழு மரபணு வேண்டும். கையில் இருப்பது வி.பி.1 மட்டும் என்றால் கேள்வியைச் சுருக்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: மாதிரியும் நோட்டும்

மாதிரி எடுப்பது கால்நடை மருத்துவரின் வேலை. உயிருள்ள கோமாரி வைரஸைக் கையாள அனுமதி பெற்ற ஆய்வகம் வேண்டும். நாட்டளவில் இதற்கென்று புவனேஸ்வரத்தில் தேசிய நிறுவனம் இருக்கிறது. உடையாத அல்லது புதிதாக உடைந்த கொப்புளத்தின் நாக்குத் தோல்தான் சிறந்த மாதிரி, ஒரு கிராமாவது இருந்தால் நல்லது. கிளிசராலும் பாஸ்பேட் கரைசலும் சரிபாதி கலந்த திரவத்தில், பிஎச் 7.2 முதல் 7.6-க்குள் வைத்து, குளிரில் அனுப்ப வேண்டும். அமிலம் பட்டால் இந்த வைரஸ் சிதைந்துவிடும்.

இதுவரை எந்தப் பாடத்திலும் கிடைக்கும். ஆட்கள் கோட்டை விடுவது நோட்டில்தான். ஒவ்வொரு மாதிரிக்கும் நான் கேட்பவை: மாதிரி எடுத்த தேதி, கொப்புளத்தின் வயது (பழகிய மருத்துவர் புண்ணைப் பார்த்தே சுமாராகச் சொல்லிவிடுவார்), கடைசியாகத் தடுப்பூசி போட்ட தேதி, கடந்த ஒரு மாதத்தில் மாடு வாங்கியது விற்றது, சினை ஊசி போட யார் வந்தார், பால் வண்டி எந்தத் தோட்டம் முடித்து எந்தத் தோட்டம் போகிறது, தண்ணீர்த் தொட்டி பொதுவா. ஈரோடு கருங்கல்பாளையம் போன்ற சந்தைக்கு வாராவாரம் கேரளம், கர்நாடகத்திலிருந்தெல்லாம் வியாபாரிகள் வருகிறார்கள். காலையில் வாங்கிய மாடு மாலையில் வேறு மாநிலத்தில் இருக்கும். "ஊர்" என்ற கட்டத்தில் ஒரே பெயரை எழுதினால் போதாது. மாதிரி எடுத்த இடம், மாடு அதற்கு முன் இருந்த இடம் என்று இரண்டு கட்டம் போடுங்கள்.

ஒரு தோட்டத்தில் ஏழு மாட்டுக்கு நோய் என்றால் ஏழையும் வரிசைப்படுத்தலாம், தவறில்லை. ஆனால் பரவல் கணக்கில் தோட்டத்துக்கு ஒன்றைத்தான் சேர்க்க வேண்டும். நம் கணக்கில் ஓர் உருப்படி என்பது மாடு அல்ல, கட்டுத்தரை.

மூன்றாம் படி: எழுத்துகளைப் படிப்பது

ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றி, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடக்கும் துண்டுகளாகப் பெருக்கி, இல்லுமினா அல்லது நானோபோர் கருவியில் படிப்பார்கள். ஒவ்வோர் இடத்தையும் பலமுறை படித்து, பெரும்பான்மை எழுத்தை எடுத்துக்கொள்வதுதான் ஒருமித்த வரிசை. போதிய முறை படிக்காத இடத்தில் ஊகித்து நிரப்பாமல் 'என்' என்று விட்டுவிடுங்கள். தொடக்கப் பக்கத்தில் 'சி' எழுத்து மட்டும் நீளமாகத் தொடரும் ஒரு பகுதி உண்டு. அதை எந்தக் கருவியும் ஒழுங்காக எண்ணாது, வெட்டிவிடுவது நல்லது. பெருக்கப் பயன்பட்ட முனைத்துண்டுகளையும் நீக்க வேண்டும். அவை வைரஸின் எழுத்தல்ல, நாம் கடையில் வாங்கியவை.

இந்த இடத்தில் நான் கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. நாளொன்றுக்கு 0.19 மாற்றம் என்ற கணக்கில், கவனக்குறைவால் நுழைந்த இரண்டு பிழை எழுத்து பத்து நாளைக் கூட்டிவிடும். பத்து நாளில் சந்தையே மாறிப்போகும்.

நான்காம் படி: அடுக்கி வைப்பது

எல்லா வரிசைகளையும் ஒரே கோப்பில் போடுங்கள். பெயரிலேயே அடையாளம், இடம், தேதி மூன்றும் இருக்கட்டும். தேதியை வருடம்-மாதம்-நாள் என்று எழுதுங்கள். எக்செல் தன்னிஷ்டத்துக்கு நாளையும் மாதத்தையும் இடம் மாற்றிவிடும், நான் ஒரு முழு வாரத்தை அதில் தொலைத்திருக்கிறேன். நாள் தெரியாமல் மாதம் மட்டும் தெரிந்தால் 15-ஆம் தேதி என்று நிரப்பாதீர்கள். மாதம் முழுவதையும் ஒரு வரம்பாகக் கொடுத்தால் மென்பொருள் அதை ஏற்கும்.

மாஃப்ட் மென்பொருளில் நேர்ப்படுத்துங்கள், அதாவது ஒரே இடத்து எழுத்துகள் ஒன்றன்கீழ் ஒன்று வரும்படி அடுக்குங்கள். புரதம் உருவாகும் பகுதி ஏறக்குறைய 7,000 எழுத்து. அதன் நடுவே மூன்றால் வகுபடாத இடைவெளி தெரிந்தால் அது பெரும்பாலும் படிப்புப் பிழை. பிறகு ஜென்பேங்க் என்ற பொது மரபணு வரிசைக் களஞ்சியத்திலிருந்து நெருங்கிய உறவு வரிசைகளை இறக்கிச் சேருங்கள். அவை இல்லாமல் வரையும் மரத்தில் (எந்த வரிசை எதிலிருந்து கிளைத்தது என்று காட்டும் வம்சப் படம்) நம் ஊர் மாதிரிகள் எல்லாம் ஒரே குடும்பம் போலத் தோன்றும். வெளியூர் வரிசைகளைச் சேர்த்த பிறகுதான் அவற்றில் பாதி வேறு வழியாக வந்தது தெரியும்.

இரண்டு வகை வைரஸ் ஒரே மாட்டில் சேர்ந்து துண்டுகளை மாற்றிக்கொள்வதும் இந்த வைரஸில் உண்டு. ஆர்டிபி போன்ற மென்பொருளில் ஒருமுறை சோதித்துவிடுங்கள். கலப்பு வரிசையை ஒற்றை மரத்தில் ஏற்ற முடியாது.

ஐந்தாம் படி: மரம்

மரம் வரைய ஐக்யூ-ட்ரீ மென்பொருள் போதும். எழுத்து மாற்றத்துக்கான கணித மாதிரியை அதுவே தேர்ந்தெடுக்கும். கிளைகள் எவ்வளவு உறுதி என்று பார்க்க 1,000 முறை மறுமாதிரி எடுக்கச் சொல்லுங்கள். அதன் அதிவேக முறையில் 95-க்குக் கீழுள்ள கிளைப் பிரிவுகளை நம்ப வேண்டாம். மரத்தில் பக்கத்துப் பக்கத்துக் கிளை என்றால் ஒருவர் மற்றவருக்குக் கொடுத்தார் என்று பொருளில்லை. பங்காளிகள் என்று மட்டும்தான் பொருள்.

ஆறாம் படி: கடிகாரம் ஓடுகிறதா?

நாள் கூடக்கூட மாற்றமும் சீராகக் கூடுகிறதா என்பதுதான் கேள்வி. இதைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். கற்பனையான நாலு கட்டுத்தரைகள். எல்லாவற்றுக்கும் பொதுவான மூதாதை வரிசையிலிருந்து எண்ணுகிறோம்.

முதல் கட்டுத்தரை: 0-ஆம் நாள் மாதிரி, 2 மாற்றம்.
இரண்டாவது: 12-ஆம் நாள், 4 மாற்றம். அதில் இரண்டு முதல் கட்டுத்தரையில் இருந்த அதே இரண்டு.
மூன்றாவது: 14-ஆம் நாள், 5 மாற்றம். ஐந்தும் தனி, யாரோடும் பொதுவில்லை.
நாலாவது: 52-ஆம் நாள், 12 மாற்றம். இரண்டாவதன் நாலும் இருக்கிறது, மேலே புதிதாக எட்டு.

நாளைக் கிடைமட்டத்திலும் மாற்றத்தைச் செங்குத்திலும் வைத்து ஒரு நேர்கோடு போடுங்கள். சரிவு நாளுக்கு 0.19 வரும். 8,300-ஆல் வகுத்தால் ஒரு லட்சம் எழுத்துக்கு நாளொன்றுக்கு 2.3 மாற்றம். பிரிட்டனில் 2001-ல் பரவிய கோமாரியை வரிசைப்படுத்தியபோது கிடைத்த வேகமும் இதை ஒட்டியதுதான். கோடு பூஜ்ஜியத்தைத் தொடும் இடம் மைனஸ் 10. அதாவது முதல் மாதிரிக்கு ஏறக்குறைய பத்து நாள் முன்பு அந்த மூதாதை வைரஸ் இருந்தது. அந்த வாக்கில் ஒரு சந்தை கூடியிருந்தால் உடனே கை துறுதுறுக்கும். பொறுங்கள். நாலு புள்ளியை வைத்து முகூர்த்தம் குறிக்க முடியாது. போதாக்குறைக்கு இரண்டாவதும் நாலாவதும் பொதுவான கிளையைப் பகிர்வதால் அவை தனித்தனிச் சாட்சிகளும் அல்ல. டெம்பெஸ்ட் மென்பொருள் இதே கோட்டைத்தான் வரைகிறது. கடிகாரம் ஓடுகிறதா என்று பார்க்க அது போதும், தீர்ப்புச் சொல்லப் போதாது. கோட்டிலிருந்து எகிறி நிற்கும் புள்ளி ஏதும் இருந்தால் முதலில் தேதியைச் சரிபாருங்கள். பெரும்பாலும் குற்றம் அங்கேதான் இருக்கும்.

ஏழாம் படி: தேதி போடுவது

மரத்தின் கிளைப் பிரிவுகளுக்குத் தேதி போட இரண்டு மென்பொருள் உண்டு. ட்ரீடைம் நிமிஷங்களில் முடித்துவிடும். பீஸ்ட் இரண்டு மூன்று நாள்கூட எடுக்கும், ஆனால் நிச்சயமின்மையை நேர்மையாகக் கொடுக்கும். பீஸ்ட் ஓட்டினால் தனித்தனியாக இரண்டு ஓட்டம் விடுங்கள், ஓட்டம் நிலைகொள்ளும் முன் வந்த முதல் 10 விழுக்காட்டைக் கழியுங்கள், பயனுள்ள மாதிரி எண்ணிக்கை (ஒன்றையொன்று சாராத மதிப்புகள் எத்தனை என்ற கணக்கு) 200-ஐத் தாண்டியதா என்று பாருங்கள். வரிசைகளே கொடுக்காமல் ஒருமுறை ஓட்டியும் பாருங்கள். அப்போதும் அதே தேதி வந்தால் அது வைரஸ் சொன்ன தேதி அல்ல, நீங்கள் முன்கூட்டிப் போட்டுவைத்த ஊகம்.

எட்டாம் படி: வேகம்

கிளைகள் எப்போது, எவ்வளவு நெருக்கமாகப் பிரிகின்றன என்பதிலிருந்து தொற்றின் வளர்ச்சி வேகத்தை எடுக்கலாம். கிளைகளைப் பின்னோக்கி மூதாதை வரை சேர்த்துக்கொண்டே போகும், 1982-ல் கிங்மேன் எழுதிய கிளைகூடல் கோட்பாடு ஒரு வழி. புதுத் தொற்று பிறப்பதையும் பழையது ஓய்வதையும் முன்னோக்கிக் கணக்கிடும் பிறப்பு-இறப்பு மாதிரி இன்னொரு வழி. நோய் வந்த கட்டுத்தரைகளில் எத்தனை பங்கு மாதிரி எடுக்கப்பட்டது என்பதை இரண்டாவது வழி வெளிப்படையாகக் கணக்கில் சேர்க்கும். அதனால் வெடிப்பு தொடங்கிய புதிதில் நான் அதைத்தான் எடுப்பேன்.

எண்ணிக்கை ஏழு நாளுக்கு ஒருமுறை இரட்டிக்கிறது என்று மரம் சொன்னால், நாளுக்கு 0.1 வளர்ச்சி. ஒரு கட்டுத்தரை எட்டு நாள் தொற்றைக் கொடுக்கும் என்று எடுத்தால், ஒன்று சராசரியாக 1.8 கட்டுத்தரைகளுக்குக் கொடுக்கிறது. பன்னிரண்டு நாள் என்று எடுத்தால் 2.2. எட்டா பன்னிரண்டா என்பது மரபணு வரிசையில் எழுதியிருக்காது, தோட்டத்தில்தான் தெரியும். "மரபணு ஆய்வில் தெரியவந்த பரவல் எண்" என்று யாராவது ஒற்றை எண்ணை நீட்டினால் நான் முதலில் கேட்பது இந்த நாள் கணக்கைத்தான்.

ஒன்பதாம் படி: இடம்

கிளைகளுக்கு ஊர்ப்பெயர் ஒட்டி, எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குத் தாவியது என்று கணிக்கும் வழி படமாகப் பார்க்க அழகாக இருக்கும். ஏமாற்றுவதிலும் இதுதான் முதலிடம். ஈரோட்டில் 40 மாதிரி, கரூரில் 3 என்றால், மரம் ஈரோட்டைத்தான் ஊற்றுக்கண் என்று காட்டும். அங்கே நோய் பிறந்ததால் அல்ல, அங்கே மருத்துவர் அதிகம் அலைந்ததால். மாதிரிகளை ஊருக்கும் வாரத்துக்கும் சமமாகக் குறைத்து, பலமுறை மாற்றி மாற்றி ஓட்டி, முடிவு நிற்கிறதா என்று பாருங்கள். சந்தையிலிருந்து நேரடி மாதிரி அநேகமாக நம் கையில் இருக்காது என்பதையும் மறக்க வேண்டாம். நோயாளி மாட்டைச் சந்தையில் வைத்து மாதிரி கொடுக்க யார் நிற்பார்? ஆகவே மரத்தில் இரண்டு தோட்டம் நேராக இணைந்திருப்பதாகத் தெரிந்தாலும், நடுவே கண்ணுக்குத் தெரியாமல் ஒரு சந்தை இருக்கலாம்.

பத்தாம் படி: யாரிடமிருந்து யாருக்கு

மறுபடி அந்த நாலு கட்டுத்தரை. மூன்றாவது மற்ற மூன்றோடு எந்த மாற்றத்தையும் பகிரவில்லை. பக்கத்து வேலி என்றாலும் அது தனி வரவு. இந்த "இல்லை" என்ற பதிலை மரபணு உறுதியாகச் சொல்லும். எங்கள் திண்ணை விசாரணைக்கு அன்றைக்கு இது ஒன்று கிடைத்திருந்தாலே ஒரு வருஷப் பேச்சுவார்த்தை மிச்சப்பட்டிருக்கும்.

முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கா? வரிசை அதற்கு இடம் கொடுக்கிறது, ஏனென்றால் முதலாவதின் இரண்டு மாற்றமும் அங்கே இருக்கிறது. ஆனால் அதே இரண்டு மாற்றத்தோடு சந்தையில் நின்ற மூன்றாம் மாடு ஒன்று இருவருக்கும் கொடுத்திருந்தாலும் வரிசை இப்படித்தான் இருக்கும். கொப்புளத்தின் வயதையும் பால் வண்டி வரிசையையும் இங்கேதான் கொண்டுவந்து வைக்க வேண்டும்.

நாலாவது சுவாரசியமானது. இரண்டாவதுக்கும் இதற்கும் 40 நாள் இடைவெளி, எட்டு மாற்றம். 40-ஐ 0.19-ஆல் பெருக்கினால் 7.6. கடிகாரம் பிசகவில்லை, வைரஸ் அந்த 40 நாளும் எங்கோ பெருகிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஆனால் ஒரு சின்னக் கட்டுத்தரையில் நோய் அவ்வளவு நாள் தீவிரமாக ஓடாது. அப்படியானால் நடுவே நாம் பார்க்காத ஒரு கட்டுத்தரையாவது இருக்க வேண்டும். குணமான மாட்டின் தொண்டையில் வைரஸ் மாதக்கணக்கில், சில நேரம் வருஷக்கணக்கில் ஒண்டியிருக்கும் என்பதும் உண்மை. ஆனால் அவற்றிலிருந்து தொற்று கிளம்புவது அபூர்வம். நான் முதலில் விட்டுப்போன தோட்டத்தைத்தான் தேடப் போவேன்.

இது வெறும் கணக்கல்ல. 2007 ஆகஸ்டில் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் கோமாரி வந்தது, அடங்கியது என்று நினைத்தார்கள், செப்டம்பரில் மறுபடி கிளம்பியது. முழு மரபணுவைச் சுடச்சுட வரிசைப்படுத்தியபோது, செப்டம்பர் வைரஸ் புது வரவல்ல, ஆகஸ்ட் வைரஸின் வாரிசு என்றும், நடுவே கண்டுபிடிக்கப்படாத தொற்று இருக்க வேண்டும் என்றும் தெரிந்தது. பழைய புண்களோடு அப்படி ஒரு பண்ணை அகப்படவும் செய்தது. மொத்தம் 8 பண்ணைகள். மூலம் 1967-ல் பிரித்தெடுத்த ஓர் ஆய்வக வகை. நாற்பது வருஷம் எழுத்து மாறாமல் ஒரு வைரஸ் மேய்ச்சல் காட்டில் திரிய முடியாது, எனவே கோமாரி வைரஸை வைத்து வேலை செய்துவந்த, அருகிலிருந்த பிர்பிரைட் ஆய்வக வளாகத்தை நோக்கிக் கை நீண்டது. உங்கள் வரிசையும் பழைய தடுப்பூசி வகையோடு அப்படியே பொருந்தினால், கட்டுரை எழுதும் முன் ஆய்வக மேசையில் மாதிரி கலந்ததா என்று பாருங்கள்.

பதினோராம் படி: ஊரில் எப்படிச் சொல்வது

"ஒத்துப்போகிறது", "ஒத்துப்போகவில்லை" என்ற இரண்டு சொல்லுக்குள் நில்லுங்கள். "நிரூபணமானது" வேண்டாம். தோட்டத்துக்காரர் பெயர், புல எண், துல்லியமான வரைபடப் புள்ளி எதையும் பொதுத் தளத்தில் ஏற்றாதீர்கள், வட்டத்தின் (தாலுகாவின்) பெயர் போதும். பால் சொசைட்டியில் ஒருவர் பெயர் அடிபட்டால் அடுத்த முறை எவரும் மாதிரி தரமாட்டார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தடுப்பூசி போடும் தேசியத் திட்டம் 2019-லிருந்து நடக்கிறது. ஊசி போட்டும் நோய் வந்த தோட்டங்களின் வரிசையை மட்டும் உடனே கால்நடைத் துறைக்குக் கொடுங்கள். தடுப்பூசி வகைக்கும் ஊரில் திரியும் வகைக்கும் விலகல் கூடுகிறதா என்று பார்க்க அவர்களுக்கு அது தேவை.

அப்புச்சி கேட்டாரே, அதற்கு நான் அன்றைக்குச் சட்டென்று பதில் சொல்லவில்லை. "பழைய காலண்டர் எல்லாம் இருக்குதுங்களா?" என்று கேட்டேன். பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தார். தினசரித் தாளின் பின்பக்கம் எல்லாம் இருந்தது: சந்தைக்குப் போன தேதி, கிடாரியின் விலை, தரகுக் கூலி, நுரை தள்ளிய நாள், ஊசிக்காரர் வந்த நாள். பொலிகாளை வந்த நாள்கூட இருந்தது, அது கிடாரி வருவதற்கு நாற்பது நாள் முந்தியது. நாக்குத் தோல் ஒரு கிராம் மட்டும் யாரும் எடுத்து வைக்கவில்லை.